மீட்டர் 12.6 காட்டும், செல்ஃப் எடுக்காது

கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: ஹெட்லைட்டைப் போட்டுப் பார்ப்பது. வெளிச்சம் பளிச்சென்று வந்தால் "பேட்டரி நல்லாத்தான் இருக்கு" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால் மல்டிமீட்டரைக் கொண்டுவந்து பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைப்பார். 12.6 வோல்ட். முழு சார்ஜ். உடனே சந்தேகம் செல்ஃப் மோட்டார் மேல் பாயும். அப்புறம் ரிலே, சாவி சுவிட்ச், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் என்று ஒவ்வொன்றாகப் போகும். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் கிடக்கும் அந்தத் தடித்த கேபிளை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வெறும் கம்பிதானே, அதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

பழைய கார்களோடு மல்லுக்கட்டுவது எனக்கு நெடுநாள் பொழுதுபோக்கு. நண்பர்கள், உறவினர்கள் கார்களும் அவ்வப்போது வந்து சேரும். மின்கோளாறு என்று எது வந்தாலும் நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரி கேபிள்களைத்தான். காரின் கணினிகள் பதிவு செய்த பிழைகளைப் படிக்கும் ஸ்கேனரை எடுப்பது அதற்குப் பிறகு. கேபிள்தான் அதிகம் கெடுகிறது என்பதால் அல்ல. கெட்டுப்போனதை மறைத்துக்கொள்ளும் திறமை அதற்குத்தான் அதிகம் என்பதால்.

கரண்ட் விஷயத்தில் 'வருகிறது', 'வரவில்லை' என்று இரண்டே நிலைகளில் யோசித்துப் பழகிவிட்டோம். வீட்டு சுவிட்சைப் போட்டால் எரியும், எரியாது. ஆனால் அரித்துப்போன கேபிள் இந்த இரண்டிலும் சேராது. கொஞ்சம் கேட்டால் கொடுக்கும், நிறையக் கேட்டால் கையை விரித்துவிடும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 25 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் ஒரு மீட்டர் நீளம் இருந்தால் அதன் தடை சுமார் 0.0007 ஓம். செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடுத்தரப் பெட்ரோல் காருக்கு இது சாதாரணம், டீசல் இன்னும் கேட்கும். கேபிளில் இழக்கும் மின்னழுத்தம் 0.1 வோல்ட். கவலையே இல்லை. இப்போது அரிப்பு காரணமாக எங்கோ ஓர் இணைப்பில் 0.02 ஓம் கூடுகிறது. கேட்க அற்பமான எண். இரண்டு 55 வாட் ஹெட்லைட்டுகள் சேர்ந்து இழுக்கும் 9 ஆம்பியருக்கு இந்தத் தடையில் போவது 0.2 வோல்ட்டுக்கும் குறைவு. கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. அதே வழியில் செல்ஃப் மோட்டார் 150 ஆம்பியர் கேட்டால் 3 வோல்ட் வழியிலேயே காலி. பேட்டரியும் அந்தச் சுமையில் எப்படியும் 11 வோல்ட் பக்கம் இறங்கியிருக்கும். மோட்டாருக்குப் போய்ச் சேர்வது 8 வோல்ட். இழந்த 3 வோல்ட்டும் வெப்பமாக மாறி, கிட்டத்தட்ட 450 வாட் அந்த ஒரே இணைப்பில் இறங்குகிறது. ஸ்டார்ட் ஆகாத காரின் டெர்மினலைத் தொட்டுப் பார்த்தால் சில சமயம் கை சுடுவது இதனால்தான்.

மல்டிமீட்டரோ 12 வோல்ட்டை அளக்கும்போது இழுப்பது ஆம்பியரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவுதான். கேபிளுக்குள் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் மறுமுனையில் அது 12.6 என்று காட்டும். ஓம் அளவில் வைத்துச் சோதித்தாலும் பயனில்லை. மீட்டரின் சொந்த வயர்களுக்கே 0.1, 0.2 ஓம் தடை உண்டு, 0.02 ஓமை அதனால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆக, சும்மா நிற்கும் காரில் எந்த அளவு எடுத்தாலும் கேபிள் உத்தமன்தான்.

சாவியைத் திருப்பும்போது வரும் அந்த 'டிக் டிக் டிக் டிக்' சத்தத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதைக் கேட்டதுமே பலர் செல்ஃப் மோட்டாரைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். மோட்டாரின் தலையில் உட்கார்ந்திருக்கும் சொலனாய்டுக்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று இரும்புத் தண்டை இழுக்க, மற்றொன்று இழுத்ததைப் பிடித்து வைக்க. சாவியைத் திருப்பியதும் தண்டு உள்ளே பாய்ந்து ஒரு தடித்த செம்புத் தொடர்பை மூடுகிறது. அது ஒரு டிக். அந்தக் கணம்தான் மோட்டார் முழுக் கரண்ட்டையும் கேட்கிறது. அரித்த கேபிளில் மின்னழுத்தம் சரிகிறது. பிடித்து வைக்கும் சுருளுக்குப் பலம் போதவில்லை. ஸ்பிரிங் தண்டை வெளியே தள்ளுகிறது. சுமை விலகியதும் மின்னழுத்தம் மறுபடி ஏறுகிறது, தண்டு மறுபடி பாய்கிறது. இது ஒரு நொடிக்குள் பல முறை நடக்கிறது. சொலனாய்டு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. பேட்டரி இறங்கியிருந்தாலும் இதே சத்தம் வரும் என்பதால்தான் எல்லோரும் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள்.

சரி, கேபிள் எப்படி அரிக்கிறது?

ஈய-அமில பேட்டரியை 1859ல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கினார். இன்றைக்கும் பெரும்பாலான கார்களில் இருப்பது அதன் வாரிசுதான். ஈயம், ஈய ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். சார்ஜ் ஆகும்போது, அதுவும் அளவுக்கு மீறி ஆகும்போது, உள்ளே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிட்டு வெளியேறும். அவற்றோடு அமிலத்தின் நுண்துளிகளும் வெளியே வரும். மூடியின் துளை வழியாக மட்டுமில்லை, ஈய முனை பிளாஸ்டிக் உடலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் இடத்தில் உள்ள சீல் தளர்ந்தால் அதன் வழியாகவும் அமிலம் கசிந்து மேலேறும். கேபிளை ஈய முனையோடு கவ்வும் கிளாம்பைச் சுத்தியலால் தட்டி இறக்குபவர்கள் பெரும்பாலும் உடைப்பது இந்த சீலைத்தான். அப்போது ஒன்றும் தெரியாது. சில மாதங்கள் கழித்து டெர்மினல் பூக்கத் தொடங்கும்.

அந்தப் பூவில் இரண்டு நிறங்கள் உண்டு. வெள்ளையாக, சாம்பல் கலந்து பொரிந்து நிற்பது பெரும்பாலும் ஈய சல்பேட். அமிலம் ஈயத்தைத் தொட்டதன் அடையாளம். நீலப்பச்சையாக இருந்தால் அமிலம் செம்பை எட்டிவிட்டது என்று பொருள். அது செம்பு சல்பேட், நம் மயில்துத்தம். வெள்ளையைப் பார்த்து நான் அதிகம் பயப்படுவதில்லை. வெளியே தெரிகிறது, சுத்தம் செய்துவிடலாம். பச்சையைப் பார்த்தால்தான் கத்தியைத் தேடுவேன். செம்போடு கூடவே பிறந்தது களிம்பு என்று சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை சொல்லும். கேபிள் விஷயத்திலும் அது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு போல மேலோடு நிற்பதில்லை. உள்ளே போய்க்கொண்டே இருக்கும்.

பேட்டரி கேபிள் ஒற்றைக் கம்பி இல்லை. நூற்றுக்கணக்கான மெல்லிய இழைகளை முறுக்கி, மேலே ரப்பர் அல்லது பிளாஸ்டிக் உறை போட்டிருப்பார்கள். இழைகளுக்கு நடுவே உள்ள இடுக்குகள் ஈரத்தை உறிஞ்சி இழுக்கும் அளவுக்கு நுண்ணியவை. கிளாம்பில் கசியும் அமிலம் அந்த இடுக்குகள் வழியாக உறைக்குள் ஏறிவிடும். உள்ளே காற்றோட்டம் கிடையாது, ஈரம் உலர வழியில்லை. வெளியே டெர்மினலைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்போம். ஒரு சாண் தள்ளி, கறுப்பு உறைக்குள், செம்பு பொடியாகிக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட ஒரு கேபிளை நான் நீளவாக்கில் வெட்டிப் பார்த்ததைச் சொல்கிறேன். நண்பர் ஒருவரின் கார் அது. வயதானது, ஆனால் நன்றாகப் பராமரிக்கப்பட்டது. சில நாள் காலையில் ஒரே ஒரு டிக், அதோடு சரி. பத்து நிமிடம் கழித்து எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். கடிகாரம் தானாகவே 12 மணிக்குத் திரும்பியிருக்கும். நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் பவர் ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரியும், நேராக்கினால் அணையும். எப்போதாவது ஏபிஎஸ் விளக்கும் சேர்ந்துகொள்ளும். ஒரு பணிமனையில் பேட்டரியை மாற்றினார்கள். சில மாதங்கள் ஒரு தொல்லையும் இல்லை. பிறகு மறுபடி அதே கதை. அப்புறம், என்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை மாற்றினார்கள். அதற்கும் பிறகு ஸ்கேனரைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இசியு போயிருக்கும் போல சார், மாத்திப் பார்த்துடலாம்" என்றார்கள். இசியு என்பது என்ஜினை ஆளும் கணினி. 'மாற்றிப் பார்க்கலாம்' என்ற அந்தச் சொற்றொடர் வரும்போதெல்லாம் காருக்கு ஒன்றும் ஆகாது, பர்ஸுக்குத்தான் ஆகும். நண்பர் அந்தக் கட்டத்தில்தான் என்னிடம் வந்தார்.

பேட்டரியை மாற்றியதும் சில மாதங்கள் சரியாக ஓடியதே, அப்படியானால் பேட்டரிதானே கோளாறு என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. புதுப் பேட்டரியின் உள்தடை குறைவு. பழையது சுமையில் 10 வோல்ட்டுக்கு இறங்கும் இடத்தில் புதியது 11ல் நிற்கும். கேபிள் தன் பங்குக்கு 2 வோல்ட்டைத் தின்றாலும் மோட்டாருக்கு 9 கிடைத்துவிடும், திக்கித் திணறியாவது சுற்றிவிடும். கேபிளின் குறையைப் புதுப் பேட்டரி தன் பலத்தால் மூடி மறைக்கிறது, அவ்வளவுதான். அதோடு, பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது கேபிளை வளைத்துத் திருகுகிறார்களே, அதில் உள்ளே சில இழைகள் மறுபடி ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளும். கொஞ்ச நாளைக்கு அதுவும் உதவும்.

இதற்கிடையில் அந்தப் புதுப் பேட்டரிக்கு நடப்பதுதான் கொடுமை. ஆல்டர்னேட்டர் அனுப்பும் சார்ஜும் அதே கேபிள் வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஆல்டர்னேட்டர் தன் வாசலில் 14.2 வோல்ட் கொடுத்தாலும், 40 ஆம்பியர் ஓடும்போது வழியில் அரை வோல்ட் போனால் பேட்டரி பார்ப்பது 13.7. கரண்ட் குறையக் குறைய இழப்பும் குறையும் என்பது உண்மைதான், ஆனால் குறுகிய தூரமே ஓடும் காருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. தினமும் அரைகுறை சார்ஜோடு நிற்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகப் படிந்து, பிறகு கரைய மறுக்கும். புதுப் பேட்டரி அகால முதுமை அடையும். "இந்தக் கார் பேட்டரியைத் தின்னுது" என்று சொல்வார்கள். தின்பது கேபிள்.

நண்பரின் காரில் மீட்டரை இப்படி வைத்தேன்: ஒரு முள் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையின் நடுவில். கிளாம்பில் அல்ல, ஈயத்தின் மேலேயே. இன்னொரு முள் என்ஜின் உடலில் பெயின்ட் இல்லாத வெறும் உலோகத்தில். இரண்டும் ஒரே கேபிளால் இணைந்தவை, அதனால் சும்மா இருக்கும்போது மீட்டர் 0 காட்டியது. அவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். 1.9 வோல்ட். நல்ல கேபிளாக இருந்தால் 0.2க்குள் இருக்க வேண்டும். பிறகு துண்டு துண்டாக அளந்தோம். ஈய முனைக்கும் கிளாம்புக்கும் நடுவே 0.03. என்ஜின் பக்கத்தில் கேபிள் முனையில் நசுக்கிப் பொருத்தியிருக்கும் லக்குக்கும் என்ஜினுக்கும் நடுவே இன்னொரு 0.03. மிச்சம் 1.84 வோல்ட் அந்தக் கேபிளுக்குள்ளேயே தொலைகிறது. அவர் முகத்தில் அப்போது வந்த உணர்ச்சி மகிழ்ச்சியா கோபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆல்டர்னேட்டருக்குக் கொடுத்த பில் ஞாபகம் வந்திருக்கலாம்.

கேபிளைக் கழற்றிக் கையில் எடுத்தால் வெளியே ஒரு குறையும் இல்லை. ஆனால் பேட்டரி பக்கத்து முனையிலிருந்து நான்கு விரல் தூரத்துக்கு உறை லேசாகப் புடைத்திருந்தது. அந்த இடத்தை வளைத்தால் மற்ற இடம்போல நெகிழாமல் விறைத்து, உள்ளே நறநறவென்று மணல் அரைபடும் சத்தம். உறையைக் கத்தியால் கீறிப் பிரித்ததும் முதலில் கொட்டியது பச்சைத் தூள். அதற்கு அடியில் இழைகள் கறுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. நகத்தால் நிமிண்டினால் பொடிந்து விழுந்தன. நடுவில் ஒரு சின்னக் கொத்து மட்டும் இன்னும் செம்பு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அந்தக் கார் ஸ்டார்ட் ஆனது அந்தக் கொத்தின் தயவில்தான். இன்னும் கொஞ்சம் மேலே கீறினால் கறுப்பு மட்டும், அதற்கும் மேலே மங்கிய பழுப்பு. நல்ல செம்பு வர ஒரு சாணுக்கு மேல் போக வேண்டியிருந்தது. லக்கை மட்டும் வெட்டி எறிந்துவிட்டுப் புது லக் போட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். கறுத்த இழையின் மேல் எந்த லக்கை வைத்து நசுக்கினாலும் ஆக்சைடு மேல்தான் நசுங்கும்.

பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகும் மர்மத்துக்கும் காரணம் அங்கேயே இருந்தது. முயற்சி செய்யும்போது அந்தச் சின்னக் கொத்தும் சுற்றியுள்ள அரைகுறைத் தொடர்புகளும் சூடாகின்றன. சூட்டில் தடை கூடுகிறது, தளர்ந்த இடங்கள் விரிந்து விலகுகின்றன. ஆறியதும் மறுபடி தொட்டுக்கொள்கின்றன.

இனி அந்த விளக்குகள். இன்றைய காரில் சின்னச் சின்னக் கணினிகள் நிறைய இருக்கின்றன. என்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஸ்டீயரிங்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று. எல்லாம் ஒரே கம்பி வலையில் பேசிக்கொள்கின்றன. மின்னழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் ஒவ்வொன்றும் தன் தன் எல்லையில் தூங்கி விழித்துக்கொள்ளும். ஒன்று தூங்கிய நேரத்தில் மற்றவை "அவனிடமிருந்து சத்தமே இல்லை" என்று பதிவு செய்யும். யூ என்ற எழுத்தில் தொடங்கும் பிழைக் குறியீடுகள், அதாவது 'கோடுகள்', அப்படித்தான் பிறக்கின்றன. மின்சார பவர் ஸ்டீயரிங் நிறுத்துமிடத்தில் முழுதாக ஒடிக்கும்போது பல பத்து ஆம்பியர் இழுக்கும். அதனால்தான் நண்பரின் காரில் அந்த விளக்கு அங்கே மட்டும் எரிந்தது. ஸ்கேனரில் நாலைந்து கணினிப் பெட்டிகளின் பெயரில் கோடுகள் வரிசையாக நின்றன, கூடவே பி0562. அந்த எண்ணுக்குப் பொருள் மின்னழுத்தம் குறைவு என்பதுதான். சம்பந்தமே இல்லாத நாலு பெட்டிகள் ஒரே வாரத்தில் கெட்டுப்போகுமா என்று கேட்டுக்கொள்ளாமல், கோடு சொன்ன பெட்டியை எல்லாம் மாற்றக் கிளம்புவது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். ஸ்கேனர் பொய் சொல்வதில்லை. பெட்டி பட்டினி கிடந்ததைச் சொல்கிறது. சோறு ஏன் வரவில்லை என்று அதற்குத் தெரியாது.

எர்த் எனப்படும் நெகட்டிவ் பாதையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாசிட்டிவ் கேபிளுக்குச் சிவப்பு உறை, மூடி, ஃப்யூஸ் என்று ஏகப்பட்ட மரியாதை. நெகட்டிவ் பக்கம் அனாதை. ஆனால் போன கரண்ட் அத்தனையும் திரும்பி வருவது அதன் வழியாகத்தான். என்ஜின் ரப்பர் மவுன்ட்டுகள் மேல் உட்கார்ந்திருப்பதால் பாடியோடு அதற்கு நேரடி உலோகத் தொடர்பு கிடையாது. அதனால்தான் என்ஜினிலிருந்து பாடிக்கு, உறையில்லாமல் பின்னல் பட்டையாக ஓர் எர்த் ஸ்ட்ராப் போட்டிருப்பார்கள். கீழே சேறும் தண்ணீரும் அடிக்கும் இடத்தில், பெரும்பாலும் கண்ணில் படாத மூலையில். அது அறுந்தாலோ அரித்தாலோ கரண்ட் நின்றுவிடாது, வேறு வழி தேடும். பழைய கார்களில் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், கியர் கேபிள் ஆகியவை உலோகம். என்ஜினையும் பாடியையும் அவையும் இணைக்கின்றன. செல்ஃப் அடிக்கும்போது ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகவும் அந்த ஆம்பியர் பாயக்கூடும். அது சிவக்கச் சூடாகி, உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் குழாய் உருகி, ஆறியதும் கம்பியைக் கவ்விக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டர் சிக்கிக்கொள்கிறது என்று கேபிளை மாற்றுவார்கள். புதுக் கேபிளும் அதேபோல உருகும். இரண்டாவது கேபிள் உருகிய பிறகாவது யாராவது எர்த்தைப் பார்த்தால் சரி.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர்கூட வேண்டாம். ஜம்ப் கேபிளில் ஒரு வயரை மட்டும் எடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நேராக என்ஜினின் வெறும் உலோகத்துக்குப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். இதுவரை முனகிக்கொண்டிருந்த செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றினால் கோளாறு எர்த் பக்கம்தான்.

மீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, பாசிட்டிவ் ஈய முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே ஒருமுறை, நெகட்டிவ் முனைக்கும் என்ஜினுக்கும் நடுவே ஒருமுறை, நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒருமுறை, செல்ஃப் அடிக்கும்போது பார்க்க வேண்டும். ஒரு கேபிளுக்கு 0.2 வோல்ட், ஓர் இணைப்புக்கு 0.1 வோல்ட் என்பது பொதுவான வரம்பு. ஒரு பக்கத்தின் முழுப் பாதைக்கும் சேர்த்து அரை வோல்ட்டைத் தாண்டினால் சும்மா விடக் கூடாது. சார்ஜ் பாதையைப் பார்க்க, என்ஜின் ஓடும்போது ஹெட்லைட், புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு போல்ட்டுக்கும் பேட்டரி பாசிட்டிவுக்கும் நடுவே அளக்கலாம். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி, மீட்டர் வயரும் சட்டைக் கையும் பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரைச் சோதிப்பதாகச் சொல்லி, ஓடும் என்ஜினில் பேட்டரி கேபிளைப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். சுமை திடீரென்று விலகும்போது ஆல்டர்னேட்டரில் எழும் மின்னழுத்தம் தடுப்பு இல்லாத அமைப்பில் 80 வோல்ட்டையும் தாண்டக்கூடும். அதுவரை நன்றாக இருந்த இசியு அன்றைக்கு உண்மையிலேயே போய்விடும்.

இந்தத் தொல்லையின் வேர் குறைந்த மின்னழுத்தம்தான். 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வந்த நாளிலிருந்தே, கொஞ்ச வோல்ட்டில் நிறைய ஆம்பியரைக் கேபிள் சுமந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. 1950களின் நடுவில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12க்கு மாறின. அதே வேலைக்கு ஆம்பியர் பாதியானது, அதே தடையில் வீணாகும் வெப்பம் கால் பங்கானது. மின்சாரக் கார் வாங்கினால் இந்தத் தலைவலி ஒழிந்தது என்று நினைக்க வேண்டாம். அவற்றிலும் பூட்டு, திரை, கணினிகளுக்கென்று பொதுவாக ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரி இருக்கிறது. பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்கள் விழிப்பதே அதன் தயவில்தான். 2019ல் வந்த டொயோட்டா ராவ்4 ஹைபிரிட்டில் பின்பக்க மோட்டாருக்குப் போகும் உயர் மின்னழுத்தக் கேபிளின் இணைப்புக்குள் சாலை உப்பும் ஈரமும் புகுந்து அரித்தன. பனிக்கு உப்புப் போடும் கனடா போன்ற இடங்களில் உரிமையாளர்கள் அதற்குக் 'கேபிள்கேட்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். நிறுவனம் அந்தக் கேபிளுக்கு உத்தரவாதத்தை நீட்டிக்க வேண்டி வந்தது.

வெறும் வெள்ளைப் பூ மட்டும் என்றால் வேலை எளிது. முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவைத் திருகும்போது ஸ்பானர் பாடியில் பட்டால், நெகட்டிவ் கழன்றிருந்தால் ஒன்றும் ஆகாது. மாட்டியிருந்தால் ஸ்பானரே வெல்டிங் ஆகும். பக்கத்தில் ஹைட்ரஜனும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அமிலம் நுரைத்து அடங்கும். பேட்டரியின் மூடித் துளைக்குள் அது போய்விடக் கூடாது. கொதிநீர் ஊற்றினாலும் பூ கரையும், ஆனால் கரைந்த அமிலம் கீழே தட்டிலும் பாடியிலும் தங்கிவிடும், துருவை அங்கே விதைத்துவிட்டு வந்ததாக ஆகும். உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்து, கிளாம்பைக் கையாலேயே அடிவரை இறக்கி முறுக்கிய பிறகு, மேலே வாஸ்லின் தடவினால் போதும். வாஸ்லின் கரண்ட்டைக் கடத்தாது. அதன் வேலை காற்றையும் ஈரத்தையும் தடுப்பது. சுத்தம் செய்து சில வாரங்களிலேயே மறுபடி பூத்தால் முனை சீல் கசிகிறதா, சார்ஜ் மின்னழுத்தம் 15ஐத் தாண்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பச்சை என்றால் கேபிளை மாற்றுவதுதான் வழி. கேபிளை வெட்டி, இரண்டு போல்ட்டும் ஒரு தகடும் வைத்துக் கவ்வும் அவசரக் கிளாம்புகள் கிடைக்கின்றன. நடுவழியில் நின்றால் வீடு வந்து சேர அவை நல்லவை. அப்படியே விட்டுவைத்தால், வெட்டிய இழைகள் அமில ஆவிக்கு முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். அந்த வேலையை நிரந்தரத் தீர்வு என்று சொல்லிப் பணம் வாங்குபவரிடம் காரை மறுபடி விட மாட்டேன். புதுக் கேபிள் பழையதைவிடத் தடிமனாக இருக்கலாம், மெலிதாக இருக்கக் கூடாது. தடிமன் என்பது உறையின் தடிமன் அல்ல. பருத்த ரப்பருக்குள் ஒல்லியான செம்பை வைத்து விற்பதும், அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசி விற்பதும் உண்டு. இழை ஒன்றைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதன் தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். வெள்ளீயம் பூசிய செம்பு இழை கிடைத்தால் அரிப்பு தாமதமாகும். லக்கைச் சுத்தியலால் தட்டாமல் கிரிம்பிங் கருவியால் அழுத்தி, உள்ளே பசை உள்ள, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடிவிட வேண்டும். முன்பு அமிலம் ஏறிய வாசல் அதுதான்.

புதிய கார்களில் நெகட்டிவ் கிளாம்பிலேயே ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருந்தால் அது பேட்டரி சென்சார். கேபிள் மாற்றும்போது அதை அப்படியே கழற்றி மாட்ட வேண்டும். பிற்பாடு பொருத்தும் ஆம்ப்ளிஃபையர், விளக்கு எதற்கும் எர்த்தைப் பேட்டரி முனையில் நேராகக் கொடுக்காமல் பாடியில் கொடுக்க வேண்டும். முனையில் கொடுத்தால் அந்தக் கரண்ட் சென்சாரின் கணக்கில் வராது, கார் சார்ஜ் நிலையைத் தப்பாகக் கணிக்கும்.

நண்பரின் காருக்குப் புது நெகட்டிவ் கேபிள் போட்டு, எர்த் ஸ்ட்ராப் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி மாட்டினோம். செல்ஃப் அடிக்கும்போது 1.9 காட்டிய இடத்தில் 0.15 காட்டியது. கோடுகளை அழித்தோம், ஸ்டீயரிங் விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் அதன்பின் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்துப் பின்கதவு மூடியிருக்கும்போதே திறந்திருப்பதாக ஓர் எச்சரிக்கை வந்திருக்கிறது. போனில் கூப்பிட்டு, "எர்த் விட்டுப்போச்சு போலிருக்கு, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். எர்த் நன்றாகவே இருந்தது. கதவு சுவிட்ச்தான் போயிருந்தது.